பிரிஜித் அத்தையின் பாவாடை

ஆம்பூர்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் ஜெனிஃபாவுக்கு அம்மா எழுதுவது. மாதா துணையால் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை வருகிறது, இந்த முறை பாதிச் சுகம்தான். அந்த ஊர்க் குளிரில் நீ எப்படி இருக்கிறாய், ராத்திரி ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் வந்தால் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொள்கிறார், அவருக்குத் தெரியாமல் உன்னிடம் ஒரு தும்மல்கூடத் தும்ம முடியாது. வியாழக்கிழமை அவருக்கு வேலூரில் பைபாஸ். என் பயத்தை அவர் எதிரில் சொல்ல முடியாது, அதனால்தான் இன்று ராத்திரி நீ இருக்கிற லீட்ஸுக்குக் கிளம்புகிற நம் கோயில் ஜோனதன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பழைய போட்டோக்களைப் பார்த்து அந்தக் காலத்து உடைகளை உங்கள் மியூசியத்தில் திரும்பத் தைத்து வைக்கப்போகிறார்கள், நம் பிரிஜித் அத்தையின் பட்டுப்பாவாடையை நீ தைக்கிறாய் என்று சொன்னதிலிருந்து அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவருக்கு நாலு வயதாக இருந்தபோது ஜுரத்தில் போன அக்கா, முகம்கூட ஞாபகமில்லை. அவர் அம்மா போனபிறகு டிரங்குப் பெட்டியின் அடியில் கிடைத்த அந்த ஒற்றைப் போட்டோதான் அவருக்கு அக்கா. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அதற்குப் பூச்சரம் போடாமல் காபி குடிக்கமாட்டார், உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கும் அதைக் கொண்டுபோய்த் தலைமாட்டில் வைக்கவேண்டும் என்று ஒரே அடம்.

பாவாடையின் கீழ் மடிப்பு சரியாகத் தெரியவில்லை, ஃபிரேமிலிருந்து எடுத்து முழுப் படத்தையும் ஸ்கேன் செய்து அனுப்பு என்று நீ கேட்டாய் அல்லவா, வெள்ளிக்கிழமை பஜாரில் இருக்கிற ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனேன். சுற்றி ஒட்டியிருந்த அட்டையைப் பிரித்தால், அதன் கீழே இத்தனை வருஷம் மறைந்திருந்த ஓரத்தில் ஓர் ஆளுயரக் கண்ணாடி. பூ ஜடை தெரிவதற்காகக் குழந்தைக்குப் பின்னால் சாய்த்து வைப்பார்களே, அதுதான். அந்தக் கண்ணாடிக்குள், கேமரா பக்கத்தில் இன்னொரு பிள்ளை நிற்கிறது. ஏழெட்டு வயசுப் பெண், வெறும் சிம்மீஸோடு, இரண்டு கையையும் காதில் வைத்துக் குரங்குச் சேட்டை காட்டிக்கொண்டு. ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினார். அந்த வீட்டில் பிள்ளைகள் இரண்டே பேர். பெரியது இங்கே கண்ணாடியில் நிற்கிறது என்றால், பாவாடை கட்டி நிற்கிற பொடிசு யார்?

வேளாங்கண்ணிக்கு மொட்டை போடக் கிளம்பும் முன் ஆண்பிள்ளைக்கும் சவுரி வைத்துப் பூ தைத்து, பாவாடை கட்டி ஒரு போட்டோ எடுப்பது நம் பக்கத்து வழக்கம்தானே. எனக்கு ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்று தெரியவில்லை. இடுப்பில் துணியைச் சுருட்டிச் சுருட்டிச் செருகியிருக்கிறார்கள், அக்காவுடையதைத் தம்பிக்குக் கட்டினால் அப்படித்தான் இருக்கும். இடது காதின் மேல்மடல் உன் அப்பாவுக்கு இருக்கிற மாதிரியே மடங்கியிருக்கிறது, எழுந்துபோய்க் கண்ணாடியில் உன் காதைப் பார். ஸ்டூடியோக்காரரே உன் அப்பா பேரைச் சொல்லி, நம்ம மோசஸ் சார் மாதிரியே கீதே என்றார். உயிரோடு இருக்கிறவர் படத்துக்குத் தவறிப்போய் யாராவது பூ வைத்தாலே வாயில் அடித்துக்கொள்வோம். இந்த மனுஷன் தன் படத்துக்குத் தன் கையாலேயே வாராவாரம் மாலை போட்டிருக்கிறார், அதுவும் நெஞ்சைத் திறக்கப்போகிற நேரத்தில். ஆப்பரேஷன் முடியும்வரை மூச்சுவிடக் கூடாது என்று முடிவுசெய்து, பழையபடி ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டேன். கண்ணாடி இருந்த பாகத்தை மட்டும் தனியாகப் பிரிண்ட் போட்டு என் கைப்பையில் ஒளித்துவைத்தேன்.

இன்று காலை பூசை முடிந்து மல்லிச்சரத்தோடு வந்தார். நான் பாய்ந்து பிடுங்கி மாதா சுரூபத்துக்குப் போட்டேன். இன்னா ஆச்சு உனுக்கு, எங்கக்காவுக்குப் பூ போட்டா உனுக்கு இன்னா பேஜாரு என்று கத்தினார். எறும்பு வருகிறது என்றேன். அவர் நம்பவில்லை, சரத்தைத் திரும்ப எடுக்கக் கை நீட்டினார். அதற்குமேல் என்னால் முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். அப்ப நான் எனுக்கே மாலை போட்டுக்கினு இருந்தேனா என்று ஒரு தடவை கேட்டார். கறிக்குழம்பு ஆறிப்போனது. அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நான் அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடந்தேன். கடைசியில் கைப்பையிலிருந்த பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜன்னலோரம் போய் வெகுநேரம் பார்த்தார். எங்கக்கா கேமராவப் பாக்காம யாரையோ பாத்து சிரிக்குது என்று உன்னிடம்கூட எத்தனை முறை சொல்லியிருக்கிறார். இன்று, பாவாடய எனுக்குக் குட்த்துட்டு இது வெறும் சிம்மீஸோட நின்னு என்ன சிரிக்க வெச்சிருக்குது பாரு என்று சொல்லி, குழந்தை மாதிரி அழுதார். பிறகு தன் படத்தை அவரே கழற்றி பீரோவுக்குள் வைத்தார். பிரிண்டை ஆஸ்பத்திரிப் பையில் வைக்கச் சொன்னார். அழுததில் ஏதாவது ஆகிவிடுமோ, சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை காலையில் ஜெபமாலை சொல். அன்றைக்கு முன்னால் போன் செய்தால் அவரிடம் அழாதே, சிரிக்கிற மாதிரி ஏதாவது பேசு, அதுதான் இப்போது அவருக்கு மருந்து. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. போன வாரம் படத்தைப் பார்த்து நான் சொன்ன அளவுக்குத் துணியை வெட்டிவிடாதே, அது உன் அப்பாவின் அளவு. இடுப்பில் சுருட்டிச் செருகியதையும் கணக்கில் சேர்த்து நீளமாக வெட்டு. உன் அத்தைக்குக் கணுக்கால் வரை வரவேண்டும்.

உன் அம்மா,
ஜெயபுஷ்பம்