ஜெபிக்கலாமா என்றார் பல் டாக்டர்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே நான் இருக்கிறேன். உன் வீட்டில் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். சின்னவளுக்குச் சளி விட்டதா?

விசுவாசிகளோடு மனம் விட்டுப் பேசு அக்கா, ஆழமான ஐக்கியத்தில்தான் ஆறுதல் என்று எழுதியிருந்தாய். தம்பியானாலும் நீ சபை நடத்துகிற ஊழியக்காரன், உன் சொல்லைத் தட்டலாமா? போனேன்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் பல் டாக்டர் வீட்டு மாடியில். ‘இதயம் திறக்கும் நேரம்’ என்று புதிதாக ஒன்று வைத்திருக்கிறார்கள். வட்டமாக நாற்காலிகள், நடுவில் பிஸ்கட் தட்டு. பாடகர் குழுத் தலைவி, மருமகள் சமையலில் உப்பு கூடுகிறது என்று இதயத்தைத் திறந்தாள். உள்ளே அவ்வளவுதான் இருந்தது போலும். இன்சூரன்ஸ் ஏஜெண்டு, தன்னிடம் உள்ள ஒரே குறை அளவுக்கு மீறிய தாழ்மைதான் என்று கண்கலங்கினார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நான் சிரிப்பை அடக்க இருமினேன்.

என் முறை வந்தது. உன் அத்தான் போனதிலிருந்து ஜெபம் வரவில்லை என்றேன். முழங்கால் போட்டால் கோபம்தான் வருகிறது, நீங்கள் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்று சுகமாகிவிட்டார் என்று அறிக்கையிட்ட மறுநாளே அவர் போய்விட்டாரே, அதை நான் யாரிடம் கேட்பது என்றேன்.

யாராவது ‘அப்புறம்?’ என்று கேட்பார்கள் என ஆசைப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பல் டாக்டர் “ஜெபிக்கலாமா?” என்றார். பட்டென்று எல்லாக் கண்களும் மூடிக்கொண்டன. நாள் முழுக்க வாயைத் திற, திற என்கிற மனிதர், ஒரு வாய் நிஜமாகத் திறந்ததும் எப்படிப் பதறிவிட்டார்!

என்னைப் பிடித்த அவிசுவாச ஆவியை உரத்த குரலில் ஜெபித்துக் கட்டினார்கள். நான் மட்டும் விழித்திருந்தேன். தலைவி கண்ணை மூடி உருகிக்கொண்டே தட்டைத் தடவி க்ரீம் பிஸ்கட்டாகப் பார்த்து எடுத்தாள். சாதா பிஸ்கட் ஒன்றுகூட அவள் கையில் சிக்கவில்லை. அதுவும் ஒரு வரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை சபை வாசலில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, “அக்கா, உங்களுக்கு விசுவாசம் போயிடுச்சாமே? சபையில எல்லாருக்கும் அனுப்புற ஜெபக்குறிப்புல வந்துச்சு” என்று குசலம் விசாரித்தாள். கூட இரண்டு பேர் ஆவலாக நின்றார்கள்.

இவர்களைச் சொல்லி என்ன பயன்? அடக்கத்துக்கு மறுநாள் போனில் இதையே உன்னிடம் சொல்ல வாயெடுத்தேன். “ஜெபிப்போம் அக்கா” என்று தொடங்கி ஒரே மூச்சில் ஆமென் போட்டுப் போனை வைத்துவிட்டாய். உனக்கு அன்று வேறு கூட்டம். மேடையில் ஜனங்களை அழவைக்கிறாயாமே, கேள்விப்பட்டேன். கூடப்பிறந்தவள் அழுதால் மட்டும் உனக்கு நேரமாகிவிடுகிறது.

விடுமுறைக்கு வருகிறேன் என்கிறாய். வா. பிரசங்கத்தை அங்கேயே வைத்துவிட்டு வா. அத்தான் நாற்காலியில் உட்கார். நான் கர்த்தரைத் திட்டுவேன். அவர் தாங்குவார், நீ தாங்குவாயா தெரியவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை கண்ணை மூடாதே. அதற்குப் பிறகு வேண்டுமானால் எனக்காக ஜெபி. என்னால் முடியவில்லை, யாராவது செய்யத்தானே வேண்டும்?

கர்த்தர் உன்னையும் பிள்ளைகளையும் காப்பாராக.

பழக்கதோஷம், கை தானாக எழுதிவிட்டது. அந்த வரியை அடிக்கப் போனேன். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உன் அக்கா