உபசார ஆட்டம்

அன்புள்ள சதோமிக்கு அம்மா எழுதுவது. இங்கே மழைக்காலம் பிடித்துக்கொண்டது, துவைத்தது எதுவும் காயவில்லை, மற்றபடி வீட்டில் இருவரும் நலம். உடம்பளவில் என்று சேர்த்துக்கொள். உன் அப்பாவின் நெஞ்சில் வைத்த ஸ்டென்ட் ஒழுங்காக இருக்கிறதாம், போன வாரம் டாக்டர் பார்த்துவிட்டுப் படி ஏறலாம், வெந்நீர்க் குளியலுக்குப் போகலாம், அளவாக சாக்கே மதுகூடக் குடிக்கலாம் என்றார். ஆக அவருக்கு எல்லாம் சரி, எனக்குத்தான் ரத்த அழுத்தம் ஏறுகிறது. காரணம் அவர், கூடவே நீயும். நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தொரொன்டோவில் இப்போதாவது குளிர் விட்டதா, நான் அனுப்பிய மிசோவும் கடற்பாசித் தாளும் வந்து சேர்ந்தனவா என்று எழுது. போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனை எடுத்தால் அவர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறார், அதனால்தான் கடிதம். இப்போது முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார், அந்தக் கடையில் உட்கார்ந்தால் சீக்கிரம் எழுந்து வரமாட்டார், அவர் வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

விஷயம் இதுதான், உன் அப்பா டி.வி.யில் அந்த அதிரடி பேஸ்பால் வீடியோ கேம் ஆடுவதை நிறுத்திவிட்டார். நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஆரம்பித்த பைத்தியம். வருடா வருடம் புதுசு வரும், வருடா வருடம் கடை திறக்கும் முன்பே போய் நிற்பார், கம்பெனிக்கு வயிற்று வலி என்று சொல்லிவிட்டுப் போய் நின்றதும் உண்டு. இந்த வருடமும் வாங்கிவந்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை நெட் வழியாக உன்னோடு ஆடினார், பிறகு கன்ட்ரோலரைக் கொண்டுபோய் அடுக்களை இழுப்பறையில் கடற்பாசி டப்பாக்களோடு போட்டு மூடிவிட்டார். ஏன் என்று கேட்டால் பிரசங்கம். பழைய ஆட்டத்துக்குப் புது அட்டை போட்டு விற்கிறார்களாம், வர்ணனையாளன் அதே ஐந்து வாக்கியத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்கிறானாம், கூட்டத்தில் கொட்டு அடிப்பவன்கூடப் போன வருடத்து ஆள்தானாம். நல்ல ஆட்டக்காரன் வேண்டுமென்றால் பொம்மை முட்டை மெஷினில் காசு போட்டுத் திருகுகிற மாதிரி அதற்குள்ளேயே காசு கொட்டித் திருக வேண்டுமாம், திருகினால் வருவதெல்லாம் யாருக்கும் தெரியாத மாற்று ஆட்டக்காரனாம். நீயும் அவரும் சேர்ந்து உருவாக்கி இத்தனை வருடமும் புதுசுக்குப் புதுசு கூட்டிக்கொண்டு வந்தீர்களே, உன் பெயரில் ஒரு பந்து வீச்சாளர், தரையோடு தரையாகக் கை போட்டு வீசுவாளே, அவளை இந்தத் தடவை உள்ளே விடவே வழியில்லையாம். அடுத்த வீட்டுக்காரரிடம் சொன்னார், தபால்காரரிடம் சொன்னார், இப்போது முடி வெட்டுகிறவர் கேட்டுக்கொண்டிருப்பார் பாவம். நானும் நம்பினேன், ஆட்டம் கெட்டுப்போயிருப்பது நிஜம்தான் போலிருக்கிறது.

முதலில் எனக்கு சந்தோஷம் என்பதை ஏன் மறைக்க வேண்டும். இனி ஞாயிற்றுக்கிழமை டி.வி. எனக்கு என்று நினைத்தேன். அந்த சந்தோஷம் மூன்று நாள் தாங்கவில்லை. எங்கள் பாட்டுக் குழுவில் ரிட்டயரான கணவன்மாரை ஈரச் சருகு என்று சொல்லிச் சிரிப்போம், துடைப்பத்தில் ஒட்டிக்கொண்டால் உதறினாலும் போகாது என்று. நானும் சேர்ந்து சிரித்தவள்தான், என் வீட்டுச் சருகு டி.வி. முன்னால் கிடந்ததே அதனால். இப்போது கடைக்குப் போனால் கூடவே வருகிறது. முள்ளங்கியைத் தூக்கிப் பார்த்து இது பஞ்சாக இருக்கும் என்கிறது. அடுப்படியில் நின்று வெங்காயத்தைக் குறுக்கே வெட்டலாமே என்கிறது, நாற்பது வருடமாக அந்த வெங்காயத்தைச் சாப்பிட்டுவிட்டு. பாட்டுக் குழுவுக்கும் ஒரு நாள் வந்து பின் வரிசையில் உட்கார்ந்து, முடிந்து வரும் வழியில் இரண்டாவது பாட்டில் நீங்கள் எல்லோரும் சுருதி இறங்கிவிட்டீர்கள் என்றது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே பரண்மேல் ஏறி, நீ நடுநிலைப் பள்ளியில் படித்தபோது ஆடிய பழைய மெஷினையும் அந்தக் காலத்து அதிரடி பேஸ்பாலையும் இறக்கித் தூசி தட்டி மாட்டிவைத்தேன். புதுசுதானே பிடிக்கவில்லை, பழசை ஆடுங்கள் என்றேன். ஆடினார். அரை மணி நேரம். இது நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு அணைத்துவிட்டு வந்து மறுபடி என் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, கோளாறு ஆட்டத்தில் இல்லை.

அதுவும் போகட்டும், நீ கூப்பிட்டால் அம்மாவிடம் பேசு என்று நழுவுகிறார், கவனித்தாயா. நீங்கள் இருவரும் என்றைக்குமே உட்கார்ந்து பேசியவர்கள் இல்லை. எனக்குத் தெரியாதா. உங்களுக்குப் பேச்சு என்பதே ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் காலை, உனக்கு சனிக்கிழமை சாயங்காலம், காதில் மைக்கை மாட்டிக்கொண்டு பந்துக்கும் பந்துக்கும் நடுவில் பேசுவதுதான். நீ வேலை மாறியதை அவர் அப்படித்தான் தெரிந்துகொண்டார், அந்தக் கொரியப் பையனோடு உனக்கு ஒத்துவரவில்லை என்பதையும் எனக்கு முன்னால் அப்படித்தான் தெரிந்துகொண்டார். அது நின்றுபோனால் உனக்கும் அவருக்கும் நடுவில் என்ன மிஞ்சும் என்று நினைத்து எனக்குப் பயமாகிவிட்டது, சதோமி. இரண்டு மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை.

போன புதன்கிழமை ஓச்சி வந்தார், அப்பாவோடு பம்ப் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்தாரே, கோடைக்கு முன்பே சோமென் நூடுல்ஸ் கேட்டு வருவாரே, அவர்தான். குளிர்ந்த சோமெனை வைத்துக்கொண்டு இருவரும் பழைய கதை பேசினார்கள். பழத்தோட்டச் சங்கத் தலைவர்களை கோல்ஃபுக்குக் கூட்டிப்போய் வேண்டுமென்றே தோற்று ஆர்டர் வாங்கின கதைகள்தான், வேறென்ன. அந்த உபசார ஆட்டத்தில் கம்பெனியிலேயே உன் அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாதாம், ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் தோற்பாராம், தோற்றுவிட்டு நிஜமாகவே வயிறு எரிகிற மாதிரி முகம் வைத்துக்கொள்வாராம். “கோனோ தோக்கறதப் பாக்க காசு குடுக்கலாம்யா” என்றார் ஓச்சி, கம்பெனிக்காரர்களுக்கு உன் அப்பா இன்றைக்கும் வெறும் கோனோதான். எப்போதும் இதற்கு உன் அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். அன்றைக்குச் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தார். “எம் பொண்ணு எங்கிட்ட தோக்கறா ஓச்சி. ஆனா அவளுக்கு ஒழுங்கா தோக்கத் தெரியல” என்றார்.

நான் வாற்கோதுமைத் தேநீரை வைத்துக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். பிறகு அவர் சொன்னதெல்லாம் கேட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்தே நீ இப்படித்தானாம். ஒன்பதாவது இன்னிங்ஸ், உள்பக்கம் உயரமாக வந்த பந்து, பதினோரு வயதிலிருந்து நீ ஒரு தடவைகூடத் தவறவிடாத பந்து, அதற்கு இமை கொட்டும் நேரம் தாமதமாக மட்டையைச் சுற்றினாயாம். முதலில் உனக்குத் தூக்கக் கலக்கம் என்று நினைத்தாராம். அடுத்த வாரமும் அதே தாமதம், அதற்கடுத்த வாரமும். அதோடு விட்டாயா, ஆட்டம் முடிந்ததும் “ஐயோ, இன்னிக்கு உங்க கைக்கு முன்னாடி நிக்க முடியல” என்று வேறு சொன்னாயாம். அது யார் வசனம் தெரியுமா பெண்ணே. சங்கத் தலைவர்களிடம் அவர் போனில் சொல்லிச் சொல்லித் தேய்த்த வசனம். வீட்டில் விளையாடிக்கொண்டே நீ கேட்டு மனப்பாடம் பண்ணியதை அவரிடமே விற்றிருக்கிறாய். கொல்லன் தெருவில் ஊசி விற்றவள் நீதான். “என்னையும் பம்ப் வாங்க வந்த கெழவன் ஆக்கிட்டா” என்றார். அவர் அழவில்லை, அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போல இருந்தது.

சரி, அவளிடம் நேராகச் சொல்ல வேண்டியதுதானே என்று ஓச்சி கேட்டார். அது எப்படி முடியும் என்று இவர் கேட்டார். விட்டுக்கொடுக்கிறார்கள் என்று தெரிந்தாலும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாதாம், காட்டிக்கொண்டால் விட்டுக்கொடுத்தவருக்கு அவமானமாம், நல்ல விருந்தாளி அப்படிச் செய்யமாட்டாராம். அதனால்தான் பழியை ஆட்டத்தின்மேல் போட்டிருக்கிறார். வர்ணனையாளன், கொட்டு அடிப்பவன், பொம்மை முட்டை எல்லாம் உன் முகம் வாடக் கூடாது என்று செய்த ஜோடனை. அவை எல்லாம் உண்மைக் குறைகள்தானாம், ஆனால் அதைவிட மோசமான வருடங்களிலும் அவர் ஆடியிருக்கிறாராம். புரிகிறதா உனக்கு, நீ அவருக்கு உபசாரம் செய்கிறாய், அவர் உனக்கு உபசாரம் செய்கிறார், இருவருக்கும் நடுவில் எச்சில் தட்டு கழுவுகிறவள் நான்.

உன் மனசு எனக்குத் தெரியாமல் இல்லை. அப்பாவுக்கு நெஞ்சு, தோற்றால் படபடக்கும், ஜெயிக்கட்டும் என்று நினைத்திருப்பாய். நல்ல எண்ணம்தான், ஆனால் அசட்டு எண்ணம். முன்பெல்லாம் நீ அவரை வாரா வாரம் அடித்து நொறுக்குவாய், அவர் முணுமுணுத்துக்கொண்டே சோற்றில் முட்டையை உடைத்து ஊற்றி, இரண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். திங்கட்கிழமையிலிருந்து உன்னை மடக்குவதற்குப் பயிற்சி நடக்கும், நடுவில் ஒரு தடவை ஜெயித்துவிட்டால் தெரு முனைவரை நடந்து போய் யாரையாவது பிடித்துச் சொல்லிவிட்டு வருவார். குளிர்காலத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஜெயித்தார், அரைக் கிண்ணம் சோற்றை வைத்துவிட்டு எழுந்துபோனார். மருந்தின் வேலை என்று டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன் நான்.

இப்போது நான் சொல்வதை அப்படியே செய், கூட ஒரு வார்த்தை சேர்க்காதே. இந்தக் கடிதத்தைப் பற்றி அவரிடம் மூச்சு விடாதே, மன்னிப்பு கேட்கிறேன் பேர்வழி என்று கிளம்பாதே, கேட்டால் அவர் ஒன்றுமே நடக்காததுபோல் இன்னும் ஒரு உபசாரம் செய்துவிடுவார். கடிதம் வந்து சேர நாளாகும், அதனால் வருகிற மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கன்ட்ரோலரை நான் எடுக்கப்போகிறேன். ஆமாம், நான்தான், எனக்கு எந்தப் பொத்தான் எதற்கு என்றுகூடத் தெரியாது. நீ வழக்கம்போல வந்து நில். நான் பந்து வராதபோது மட்டையைச் சுற்றுவேன், வந்தபோது சும்மா நிற்பேன். வெங்காயம் வெட்டுவதையே பார்த்துப் பொறுக்க முடியாத மனிதர், இதைப் பத்து நிமிடம் தாங்கமாட்டார், இந்தா குடு இங்க என்று பிடுங்கிவிடுவார். கை மாறியது உனக்கு முதல் பந்திலேயே தெரிந்துவிடும். தெரிந்ததும் அடி. உள்பக்கம் உயரமாக வந்தால் வேலிக்கு வெளியே அடி, அப்பா என்று பார்க்காதே, நெஞ்சு என்று பார்க்காதே, டாக்டர் படியே ஏறலாம் என்றுவிட்டார். முடிந்ததும் பாராட்டு வசனம் எதுவும் வேண்டாம், சின்ன வயதில் கேலி பண்ணுவாயே அதையே பண்ணு.

வாசலில் குடை உதறும் சத்தம் கேட்கிறது, ஈரச் சருகு வந்துவிட்டது. நல்ல வேலை, நல்ல துணை, நல்ல உடம்பு எல்லாம் உனக்கு அமையட்டும், வெளியே போகும்போது கழுத்தை மூடிக்கொள். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே. அன்றைக்கு இரண்டு கிண்ணத்துக்குச் சோறு வடித்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒழுங்காகத் தோற்கத் தெரியாத பெண்ணைப் பெற்ற
உன் அம்மா ஃபுமியே