துவைக்காத நீலக் கோட்டு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். உடம்பு நோகாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடி தூங்கி எழுகிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், அப்படி இல்லை என்றாலும் நீ நல்லாத்தான் இருக்கேன் என்றுதான் சொல்வாய். அப்பா சுகம், பஸ்ஸில் ஏறுகிற ஆளுக்கெல்லாம் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற கையோடு என் மகன் வெளிநாட்டில் ரொட்டி சுடுகிறான் என்று ஆரம்பித்துவிடுகிறார், பாவம், கேட்டு முடிப்பதற்குள் அவர்கள் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போய்விடுகிறது. லாண்டரியில் எனக்கு இப்போது ஜன்னலோரத்து இஸ்திரி மேஜை, கொஞ்சம் காற்று வருகிறது. இந்தக் கடிதம் தங்கச்சியைப் பற்றி. போனில் சொன்னால் என் குரலே காட்டிக் கொடுத்துவிடும், நீயும் முழுசாகக் கேட்காமல் குறுக்கே விழுவாய், காகிதம் என்றால் வாயை மூடிக்கொண்டு படித்துத்தானே ஆகவேண்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவள் நடமாடிக்கொண்டும் என்னோடு மல்லுக்கட்டிக்கொண்டும்தான் இருக்கிறாள், பதறாமல் படி.

கொஞ்ச காலமாகவே அவள் அவளாக இல்லை. கடைக்கு அனுப்பினால் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் கடைவாசலில் நிற்கிறாள், திருப்பிக் கேட்டால் எரிந்து விழுகிறாள், கொஞ்ச நேரத்தில் அவளே வந்து மடியில் படுத்து அழுகிறாள். கணக்கு டீச்சர் என்னைக் கூப்பிட்டு, முன்னாடியெல்லாம் கணக்குல புலியா இருந்தா, இப்ப பாதியில நின்னுட்டு எங்கயோ பாக்கறா, வீட்டுல ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார்கள், எனக்குத் தலை தொங்கிவிட்டது. வயசு அப்படி என்று நான் நினைத்தேன், எல்லாம் இந்தப் போனால வந்த வினை என்று அப்பா அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார், பக்கத்து வீட்டு அத்தை மட்டும் யாராவது பையனா இருக்கும் பாரு என்று கண்ணைச் சிமிட்டினாள். வயிற்றுவலி, முகமெல்லாம் வெளுப்பு என்றுதான் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன், ரத்தத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் இவ உடம்புல ஈயம் ஏறியிருக்கு என்றார்கள். நாங்க என்ன ஈயத்தையா சமைச்சுப் போடறோம் என்று அப்பா அங்கேயே எகிறினார். டாக்டரம்மா கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, இந்த வயசுல தலைக்குள்ள முன்பக்கம் இன்னும் வேலை நடந்துக்கிட்டே இருக்கும், யோசிச்சுச் செய்யறது, மனசை ஒரு இடத்துல நிறுத்தறது எல்லாம் அங்கதான், ஈயம் அந்த வேலையைக் கெடுத்துடும், எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்துன்னு நினைச்சு உடம்பு ஏமாந்து அதை உள்ளே விட்டுடும் என்று பொறுமையாகச் சொன்னார்கள். பெற்றவள் எனக்கே தெரியாமல் ஏதோ ஒன்று என் பிள்ளையின் தலைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க சுகாதார இலாகாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி, அதை வைத்துச் சுவர், ஜன்னல் சட்டம், குழாய், பாத்திரம் என்று ஒன்றுவிடாமல் பார்த்தாள், அப்பாவின் டிக்கெட் பையைக்கூட விடவில்லை. எதிலும் ஒன்றும் இல்லை. அவள் கிளம்பச் செருப்பை மாட்டுகிற நேரம் பார்த்து உன் தங்கச்சி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள், வந்ததும் வழக்கம்போல உன் நீலக் கோட்டை ஆணியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, புத்தகத்தை விரித்து, கோட்டின் கை நுனியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து, அது யாரோட கோட்டு என்று கேட்டாள். என் பெரிய பையனோடது, வெளிநாடு போறதுக்கு முன்னாடி பழைய பேட்டரி உடைச்சு ஈயம் உருக்கற பட்டறையில வேலை பாத்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டேன்.

நீ போன அன்று கழற்றி மாட்டிய கோட்டு அப்படியே கிடந்தது. துவைச்சா அண்ணன் வாசம் போயிடும்னு அவள் தொடவிடவில்லை, படிக்கும்போது உடம்பில், தூங்கும்போது தலைமாட்டில். ஊர் அழுக்கையெல்லாம் வெளுத்து வயிறு வளர்க்கிறவள் நான், எனக்கும் அதைத் துவைக்க மனசு வரவில்லையடா. அவள் பள்ளிக்கூடம் போனதும் நானும் அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொள்வேன். உன் வேர்வை வாசத்தோடு அந்தப் பட்டறைத் தூசியும் அதிலேயே இருந்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு அங்கே உட்கார்ந்து உன்னையே நொந்துகொள்ளாதே, இதை அழுத்திச் சொல்லத்தான் இத்தனை பக்கம். அந்த வேலைதான் அன்றைக்கு நம் வீட்டில் உலை வைத்தது. தூசி துணியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் என்று பட்டறையில் உனக்கு ஒருவரும் சொல்லவில்லை, நாங்கள் உன்னைத் தேடினோம், அவ்வளவுதான் நடந்தது. அந்தப் பெண் கருவியைக் கோட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, அதை ஒரு தடித்த பையில் போட்டு வாயைக் கட்டினாள், தங்கச்சி போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. கட்டுவதற்கு முன்னால் கடைசியாக ஒருதரம் முகர்ந்து பார்க்கலாம் என்று என் கையும் நீண்டது, அந்தப் பெண் வேண்டாம்மா என்று மெதுவாகத்தான் சொன்னாள். ஆணி மட்டும் இருக்கிறது.

இப்போது வீட்டை ஈரத்துணியால்தான் துடைக்கிறேன், பாய் தலையணையெல்லாம் மாற்றியாகிவிட்டது, அவளுக்குப் பால், முட்டை, கீரை, இரும்புச்சத்து மாத்திரை. இனிமேல் ஏறாது, ஏறியது மெதுவாகத்தான் இறங்கும், கெட்டுப்போனதுல எவ்வளவு திரும்பும்னு என்னால சொல்ல முடியாது, ஆனா தலைக்குள்ள வேலை இன்னும் முடியலை, அதனால நாம செய்யறது வீண் போகாது என்றார்கள் டாக்டரம்மா. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நாள் ஓடுகிறது. டீச்சர் அவளை முன்வரிசையில் உட்காரவைத்துத் தனியாகவும் சொல்லிக்கொடுக்கிறார்கள், நல்ல மனுஷி. நேற்று தலை வாரிவிடும்போது, அம்மா எனக்கு எல்லாம் மறக்குதே, ஒருநாள் அண்ணன் குரலும் மறந்துடுமா என்று கேட்டாள். போடி அசடு என்றேன். அதற்கு மேல் சீப்பு ஓடவில்லை.

நீ இரண்டு காரியம் செய்யவேண்டும். தூசியை அவளைவிட நீதான் அதிகம் தின்றிருப்பாய், இந்தக் கடிதத்தைக் கீழே வைத்ததும் அங்கே ஒரு டாக்டரிடம் போ, பட்டறையில் வேலை பார்த்ததை மறைக்காமல் சொல்லி ரத்தம் கொடுத்துப் பார், என்ன வந்தாலும் அம்மாவிடம் மாற்றிச் சொல்லாதே. அடுத்தது, ரொட்டிக் கடையில் போடுகிற சட்டையில் ஒன்றை அவளுக்கு அனுப்பு, மாவும் வேர்வையும் அப்படியே இருக்கட்டும். இவ்வளவும் பட்டுவிட்டுத் துவைக்காமல் அனுப்பு என்கிறாளே என்று சிரிப்பாய், சிரி. தபாலில் வரும்போதே வாசம் போயிடும்மா என்று உன் தங்கச்சி இப்போதே சொல்கிறாள், அவள் சொல்வதும் சரிதான். அதனால் அனுப்பாதே, போட்டுக்கொண்டே வந்துவிடு.

நீ நூறாண்டு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையை மறந்துவிடாதே.

உன்னை நினைக்காமல் ஒரு சட்டையைக்கூட மடித்து வைக்க முடியாத,
அம்மா