முழு மனசு

இன்று காலை என் தம்பி ஒரு பெட்டி பன்னீர் திராட்சையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். மூடியைத் திறந்ததும் நம் திராட்சைப் பந்தலுக்குள் நிற்பதுபோல அந்த வாசம் வீடெல்லாம் பரவியது. வேறொருத்தியாக இருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பாள். நான் அழுகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. வராவிட்டால் என்ன அர்த்தம் என்று உடனே ஆரம்பித்துவிட்டது. செத்துப்போன புருஷனைக்கூட விட்டுவைக்காத மனசு இது.

நம் கல்யாணத்தில் சாமியார், முழு மனதோடு வந்திருக்கிறீர்களா என்று கேட்டார். மாதா கோயில் நிறைய ஆட்கள். ஆம் என்றேன். சொன்ன வாய் மூடுவதற்குள், முழு மனசா, முக்கால் மனசா என்று ஒரு கேள்வி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கு வேறு யார் மேலும் ஆசை இருந்ததில்லை. உங்களிடமும் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை, காபியை அந்தச் சத்தத்தோடு உறிஞ்சுவதைத் தவிர. ஆனாலும் நீங்கள் வாசலில் வண்டியை நிறுத்தும்போது நெஞ்சு துள்ளுகிறதா என்று பார்ப்பேன். கூடலூர் பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு ஜோடி சிரித்துப் பேசினால், நாம் இப்படி இருக்கிறோமா என்று கணக்குப் பார்ப்பேன். பிறகு உங்களிடமே வந்து கேட்பேன். பிடிக்காமலா எனக்கு ஆக்கிப் போடுகிறாய் என்பீர்கள். அது கொஞ்ச நேரம் தாங்கும். மறுபடியும் கேட்பேன்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் அம்மாவிடம், முழு மனசாத்தான் வந்தேனா என்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். அம்மா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். யாரையோ நினைத்துக்கொண்டு உங்களுக்குக் கழுத்தை நீட்டியிருக்கிறேன் என்று பயந்து, தேவாரத்திலிருந்து மாமாக்களைக் கூட்டி வந்துவிட்டாள். பீடத்துக்கு முன்னால் பொய் சொன்னவளைப் போல நான் தலைகுனிந்து நின்றேன். நீங்கள்தான் பேசினீர்கள்.

"அவ பிடிக்கலைன்னு சொல்லல, தெரியலைன்னுதான் சொல்றா. இதுக்குப் போயி இத்தன பேரு வந்திருக்காக."

மாமாக்களுக்குக் கறிச்சோறு போட்டு அனுப்பிவைத்தீர்கள்.

நீங்கள்தான் என்னைத் தேனிக்குக் கூட்டிப்போனீர்கள். எண்ணச் சுழற்சி நோய் என்று அந்த டாக்டரம்மா சொன்னார். சிலருக்குக் கை கழுவுவதில் வரும், உனக்குப் புருஷன் மேல் வந்திருக்கிறது என்றார். கேள்வி வந்தால் பதில் தேடாதே, வீட்டுக்காரரும் பதில் சொல்லக் கூடாது என்றார். அது என்னைவிட உங்களுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. நான் கேட்டதும் வாய்வரை வந்த பதிலை விழுங்கிக்கொண்டு, "தெரியல ஆத்தா, இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லி, கத்தரியைக் கையில் கொடுத்துப் பந்தலில் கொத்து நறுக்கக் கூட்டிப்போவீர்கள். மாத்திரையும் பந்தல் வேலையுமாகச் சில வருஷங்கள் ஓரளவு தேறினேன். கேள்வி போய்விடவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி அது பாட்டுக்கு இருந்தது, நான் என் வேலையைப் பார்த்தேன். நல்ல வருஷங்கள் என்றால் அவைதான்.

அப்புறம் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்தீர்கள். இத்தனை வருஷத்தில் நீங்கள் என்னிடம் அதைக் கேட்டதே இல்லை. அன்றைக்குக் கேட்டீர்கள்.

"சும்மாவாச்சும் ஒருக்கா சொல்லு. என்னையப் பிடிச்சிருக்குதான?"

சும்மாவாச்சும் என்றுதான் கேட்டீர்கள். எனக்குச் சும்மா சொல்லத் தெரியவில்லை. கேட்பது நீங்கள், உண்மையாக இருக்க வேண்டுமே என்று உள்ளே தேடிக்கொண்டிருந்தேன். கதவைச் சாத்திவிட்டார்கள்.

பந்தலைக் குத்தகைக்கு விட்டாயிற்று. மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். கல்லறைக்குப் போனால் மெழுகுவத்தி ஏற்றுவதற்குள், இப்போது வருவது துக்கம்தானா என்று பார்க்க ஆரம்பித்துவிடுகிறேன். அதனால் அங்கே போவதும் குறைந்துவிட்டது.

டாக்டரம்மா இன்னும் அதையேதான் சொல்கிறார், கேள்வியை அப்படியே விட்டுவிடு, பதில் தேடாதே என்று. மற்றதையெல்லாம் விட்டுவிடலாம், அதெல்லாம் நோய் கேட்டது. இது ஒன்றுதான் நீங்கள் கேட்டது. இதை நான் எப்படி விடுவது?