தோட்டா அறைக்குள் சந்தனம்

இன்று விஜயதசமி. நேற்று பூஜையில் வைத்த லேப்டாப்பை நம் மகள் காலையில் எடுத்து, சார்ஜர் முனையை அதன் துளைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். போகவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாகத் தள்ளினாள். அடுப்படியில் நின்ற நான், "அழுத்தாதே. ஏன் போகலைன்னு முதல்ல பாரு" என்று அதட்டினேன். அதட்டிய பிறகுதான் உறைத்தது, அது என் பேச்சில்லை, உங்களுடையது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், துளை நிறையச் சந்தனம், ஒரே ராத்திரியில் காய்ந்து இறுகியிருந்தது. ஊசியால் சுரண்டினேன். அந்த வாசனை வந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் போன பிறகு இது எத்தனையாவது ஆயுத பூஜை என்று நான் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. ஆனால் இன்று உங்களோடு பேசாமல் இருக்க முடியவில்லை.

எண்பதுகளில் எண்ணெய் விலை விழுந்தபோது ஹூஸ்டனே கதிகலங்கிப் போனது நினைவிருக்கிறதா? உங்கள் கம்பெனியில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள், அந்தப் பாதியில் நீங்களும் ஒருவர். நான் அப்போது ஆறு மாதம். வேறு வேலை கிடைக்காவிட்டால் விசா போய்விடும், வயிற்றுப் பிள்ளையோடு திருநெல்வேலிக்கு விமானம் ஏற வேண்டியதுதான். நீங்களோ போக இடமில்லாமலே தினமும் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, கராஜில் போய் உட்கார்ந்துகொள்வீர்கள். ஹூஸ்டன் மீனாட்சி கோயிலில் யாராவது "என்ன சார், ஏதாவது செட் ஆச்சா?" என்று கேட்டுவிடுவார்களோ என்று பிராகாரத்தைக்கூடச் சுற்றாமல் திரும்பி வருவீர்கள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

அப்படி ஒரு நாள் பக்கத்து வீட்டு எர்ல், கம்பளியில் சுற்றிய துப்பாக்கியோடு நம் கராஜுக்கு வந்தார். ஊருக்குள் சொந்தமாக, லேத்தில் இரும்பு கடையும் மெஷின் ஷாப் வைத்திருந்த மனிதர். எந்த நாட்டு ராணுவமோ கழித்துப் போட்ட பழைய ரைஃபிள் அது; வாங்கிய நாளிலிருந்து மக்கர். "நீ இன்ஜினியர்தானே, பார்த்துச் சொல்லேன்" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

நான் ஆடிப்போய்விட்டேன். "என்னங்க இது, பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டுக்குள்ள துப்பாக்கியா?"

"உள்ள தோட்டா இல்லம்மா. நல்லா செக் பண்ணிட்டேன். இப்ப இது வெறும் இரும்பு."

"வெறும் இரும்புன்னா பழைய இரும்புக் கடையில போடுங்க. எனக்கெதுக்கு?"

சிரித்தீர்கள். வேலை போன பிறகு நீங்கள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அந்தச் சிரிப்புக்காகவே துப்பாக்கியை வீட்டில் இருக்க விட்டேன்.

எனக்கும் பாடம் நடத்தினீர்கள். பின்பக்கம் இருக்கும் தாழ்ப்பாள் போன்ற கம்பிக்கு போல்ட் என்று பெயர். அதை முன்னே தள்ளினால் தோட்டா தன் அறைக்குள் போய் உட்காரும். கைப்பிடியைக் கீழே மடக்கினால் பூட்டிக்கொள்ளும். எர்லின் துப்பாக்கியில் அறை காலியாக இருந்தால் போல்ட் வெண்ணெய் போலப் பூட்டும். தோட்டா போட்டால் பாதியிலேயே நின்றுவிடும். ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டச் சொன்னார்களாம் எர்லின் ஷாப் ஆட்கள். "முழுசாப் பூட்டாத அறையில தோட்டா வெடிச்சா சுடறவன் முகம் போயிடும். போகலைன்னா ஏதோ தடுக்குது. அது என்னன்னு பார்க்காம அழுத்தக் கூடாது" என்றீர்கள்.

மருந்து இல்லாத டம்மித் தோட்டா வாங்கி வந்தீர்கள். அப்புறம் என் கண்மை டப்பாவைக் காணோம். வீடெல்லாம் தேடிவிட்டுக் கராஜுக்கு வந்தால், டம்மித் தோட்டா முழுக்க என் மையைத் தடவி உள்ளே விட்டு எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். "எங்க மை அழிஞ்சிருக்கோ அங்கதான் முட்டுது" என்று குழந்தை மாதிரி நீட்டிக் காட்டினீர்கள். தோட்டா ஒடுங்கும் தோள்பட்டையில் மட்டும் மை வழித்து எடுத்தாற்போல் போயிருந்தது. நான் டார்ச் பிடித்தேன். துரு பிடிக்காமலிருக்க என்றைக்கோ பூசிய கிரீஸ், அறையின் உள்சுவரில் அரக்காக இறுகிக் கிடந்தது. பித்தளை பிரஷ்ஷும் கரைப்பானும் வைத்து இரண்டு மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினீர்கள். டம்மித் தோட்டா போட்டு போல்ட் பூட்டியதும், துப்பாக்கி ரிப்பேர் கடைக்கும் கொண்டுபோய் அளவு சரிதானா என்று பார்த்து வந்தீர்கள். அன்று ராத்திரி ரசத்தை மூன்று தடவை கேட்டு வாங்கிக் குடித்தீர்கள். என் புருஷன் எனக்குத் திரும்பிக் கிடைத்துவிட்டார் என்று மனசுக்குள் அந்த மீனாட்சிக்கு நன்றி சொன்னேன்.

வேலியோரம் சேதி கேட்ட எர்ல், ஷாப்பில் ஓர் ஆள் தேவைப்படுகிறது, சனிக்கிழமை சுட்டுப் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேசலாம் என்றார். எனக்குத் தூக்கம் போயிற்று.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. கார் டயருக்கடியில் எலுமிச்சம்பழம், ஸ்பேனர் செட், கால்குலேட்டர், என் தையல் மெஷின், நடுவில் கம்பளி விரித்து எர்லின் துப்பாக்கி. "அடுத்தவர் சாமானாச்சே" என்றேன். "என் கைக்கு வேலை குடுத்த சாமான்" என்றீர்கள். நீங்கள் எதிலும் அரைகுறை கிடையாதே. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்துக் குழல் முனையில், கட்டையில், போல்ட்டில், திறந்திருந்த அறையின் வாயில் என்று ஓர் இடம் விடாமல் வைத்தீர்கள். மறுநாள் காலை வெளியே இருந்ததை மட்டும் துடைத்துக் கம்பளியில் சுற்றினீர்கள். எர்ல் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்.

ஊருக்கு வெளியே அவருடைய நண்பரின் நிலம். ஷாப்பிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள். நான் எலுமிச்சை சாதத்தை மடியில் வைத்துக்கொண்டு காரில் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தேன். எர்ல் தோட்டாவைப் போட்டுப் போல்ட்டைத் தள்ளினார். பாதியில் நின்றது. யாரோ சிரித்தார்கள். எர்ல் உள்ளங்கையை ஓங்கினார், போல்ட்டின் மேல் ஓங்கி ஓர் அடி கொடுக்க.

"டோன்ட் ஃபோர்ஸ் இட்" என்றீர்கள். அவ்வளவு பெரிய குரல் உங்களுக்கு இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். கிட்டே போய்த் தோட்டாவை வெளியே எடுத்தீர்கள். அதன் தோள்பட்டையில் மஞ்சளாக ஒரு தீற்றல். மூக்கருகே கொண்டுபோனீர்கள். அந்தத் தூரத்திலும் உங்கள் முகம் வெளிறியது எனக்குத் தெரிந்தது. எனக்கும் விளங்கிவிட்டது, நேற்று வைத்த சந்தனம். பழைய கிரீஸ் கொஞ்சம் மிச்சம் என்று சொன்னால் தீர்ந்தது, அங்கே ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

நீங்கள் நிமிர்ந்து நின்று, "ஐ டிட் திஸ்" என்றீர்கள். பிறகு சந்தனம் என்றால் என்ன, எங்கள் வழக்கத்தில் ஆயுதத்தை ஏன் கும்பிடுகிறோம், நேற்று எப்படி வைத்தீர்கள், காலையில் எதைத் துடைக்க மறந்தீர்கள் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னீர்கள். எர்ல் தோட்டாவை வாங்கி முகர்ந்தார். அடுத்தவரிடம் நீட்டினார். நாலு முரட்டு ஆட்களும் வரிசையாக அதை முகர்ந்து பார்த்தார்கள்.

"என் ஷாப்பில் எது கெட்டாலும் மெஷின் மேல் பழி, இல்லாவிட்டால் நேற்றைய ஷிஃப்ட் மேல் பழி" என்றார் எர்ல். "நான்தான் என்று ஒருவன் சொல்லி இன்றைக்குத்தான் கேட்கிறேன். திங்கட்கிழமை காலையில் வந்துவிடு. அந்தத் தைலத்தை மட்டும் லேத் மேல் பூசாதே."

காருக்குத் திரும்பி வந்து, "சாதம் இருக்கா?" என்று கேட்டீர்கள். நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. இந்த வீடு, மகளின் படிப்பு, இத்தனை வருடம் நான் நிம்மதியாகத் தூங்கிய தூக்கம் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் வந்தது. இதை நான் உங்கள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொன்னால் "சரி சரி, காபி போடு" என்றிருப்பீர்கள்.

நம் மகளுக்கும் இந்தக் கதையை நாம் சொன்னதில்லை; துப்பாக்கி என்றாலே அவளுக்கு ஆகாது. இன்று நான் துளையைச் சுரண்டி முடிப்பதற்குள் அவளுடைய ஆபீஸ் மீட்டிங் ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆகிவிட்டது. அவளுக்குக் கீழே முப்பது பேர் வேலை பார்க்கிறார்கள். நெட் போய்விட்டது என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன், எல்லாரும் சொல்வதுதானே. சுண்டல் கிண்ணத்தோடு அவளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். திரையைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்து அவள் சொன்னாள்:

"ஸாரி, ஐ டிட் திஸ். நேற்று பூஜையில் நானே சார்ஜர் துளைக்குள் சந்தனம் வைத்துவிட்டேன்."

உங்கள் குரலேதான்.