உப்பளத்து வண்டு

மரக்காணம்
3-8-1975

அன்பு மகன் இன்னாசிராஜுக்கு, அம்மா ஆசீர்வதித்து எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. மூன்று பக்கமும் வண்டு. உன் உடம்பைப் பற்றி ஒரு வரி இல்லை. கடிதத்தில் முதலில் எதை எழுத வேண்டும் என்று கன்னியாஸ்திரீகள் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். நீ மறந்துவிட்டாய்.

ஈஸ்டருக்கு வந்தபோது உப்பளத்து வரப்பில் நீ காட்டிய அதே வண்டைத்தான் பிடித்திருக்கிறேன். ஒல்லி, கறுப்பு. வளர்ந்த பையனுக்குப் பழைய சட்டை போட்டதுபோல் பாதி முதுகு வெளியே தெரிகிறது. தொட்டால் தேளைப்போல வாலைத் தூக்குகிறது. உப்பு வாரும் அஞ்சம்மாள், "இன்னா டீச்சரம்மா, மீன் வெல ஏறிப்போச்சுன்னு பூச்சிக்கு வந்துட்டீங்களா?" என்று கேட்டாள். நான் குனிந்து அடுத்த வண்டைப் பிடித்தேன்.

சாராயத்தில் போட்டு அனுப்பச் சொன்னாய். மதுவிலக்கு வந்து வருடமாகிறது. வராவிட்டாலும் என் கை அதைத் தொடாது. எல்லாவற்றையும் ஒரே புட்டியில் ஈர மண்ணோடு உயிரோடு அனுப்பியிருக்கிறேன். உலகத்தில் பெயரே இல்லாத பூச்சி நம் சேற்றில் இருக்கிறது என்பதை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை.

உன் அம்மா,
ஆனந்தம்மாள்

கல்கத்தா
19-8-1975

அன்புள்ள அம்மாவுக்கு, மகன் வணங்கி எழுதுவது.

புட்டி வந்தது. உள்ளே ஒரே ஒரு வண்டு நன்றாகக் கொழுத்து உயிரோடு இருந்தது. மற்றவை காலும் தலையுமாகக் கிடந்தன. இவை ஒன்றையொன்று தின்னும் அம்மா. ஒரே அறையில் விடக்கூடாது.

மிஞ்சியது பெண். ஈஸ்டருக்கு நான் கொண்டுவந்தவையும் பெண்களே. ஆணின் அடிவயிற்றுக்குள் இருக்கும் உறுப்பின் வடிவத்தை வரைந்து காட்டினால்தான் இது புது இனம் என்று ஏற்பார்கள். அகன்ற தலை இருந்தால் ஆணாக இருக்கலாம். ஐப்பசி மழையில் பாத்திகள் முழுகிவிட்டால் பிறகு அடுத்த வருடம்தான்.

அடுத்த வருடம் எனக்கு இல்லை. வேலை பார்க்கும் மியூசியத்திலிருந்து அல்ல, ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன. கிறிஸ்துமஸைப் பற்றிக் கேட்டால் டாக்டர் ஜன்னலைப் பார்க்கிறார்.

குருமடத்தை விட்டு வந்த அன்று, "நீ எதையும் முடிக்காதவன்" என்றீர்கள். இதை முடிக்க வேண்டும் அம்மா. ஒரே ஒரு ஆண் போதும்.

இன்னாசிராஜ்

மரக்காணம்
7-9-1975

மகனே,

கோயிலுக்குப் போனேன். ஜெபம் வரவில்லை. நேரே உப்பளத்துக்குப் போய்விட்டேன்.

இந்த முறை ஆளுக்கொரு தீப்பெட்டி. பிடித்ததும் பெட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினேன். பிராந்திக் கடையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். அந்த மரியாதையை நான் ஒருநாளும் மறக்கமாட்டேன். திரும்பும்போது கிளியனூர்ப் பக்கம் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டார்கள். போலீஸ்காரர் புட்டியைத் தூக்கி, "யாருக்குமா இது?" என்றார்.

"வண்டுக்கு."

"வண்டு கேட்டுச்சா, வண்டோட அப்பன் கேட்டானா?"

பஸ்ஸே சிரித்தது. அவர் கையிலிருந்து புட்டியை வாங்கி, மூடியைத் திறந்து, தீப்பெட்டிகளை ஒவ்வொன்றாக அதில் கவிழ்த்தேன். "இப்போது வேண்டுமானால் குடியுங்கள்" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "போங்கம்மா" என்றார்.

இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒன்றின் தலை அகலம். கண் மங்கினாலும் அது எனக்குத் தெரிகிறது.

அன்று நான் சொன்ன வார்த்தையைப் பற்றி நேரில் பேசலாம். டிக்கெட் எடுக்கப்போகிறேன். உப்பில்லாத கஞ்சி கொடுக்கிறார்களா? ஒழுங்காகக் குடி.

அம்மா

கல்கத்தா
28-9-1975

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்தான். உறுப்பை வரைந்துவிட்டேன். இதுவரை யாரும் எழுதாத இனம்.

பெண்ணுக்குப் பறக்கும் இறக்கை கிடையாது. ஆணின் இறக்கையை நான் பிரித்துப் பார்க்கவில்லை. இருப்பது ஒரே ஆண், கிழித்துவிட்டால் போச்சு. அதனால் ஆணும் அப்படியே என்று எழுதிவிட்டேன். மியூசியத்தில் என் பக்கத்து மேசை மித்ராதான் மைக்ராஸ்கோப்பை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்; தட்டச்சும் அவரே செய்து தருகிறார்.

இப்போது வராதீர்கள். இது எப்படி வாழ்கிறது, மழையில் என்ன ஆகிறது என்று ஒரு பத்தி பாக்கி. அதைப் பார்த்து எழுத உங்களை விட்டால் ஆள் இல்லை. தண்ணீர் ஏறும்வரை இருந்து பார்த்துவிட்டு வாருங்கள். நான் காத்திருப்பேன்.

பெயரும் வைத்துவிட்டேன். உங்கள் பெயர். வேண்டாம் என்பீர்கள். அச்சேறிய பெயரை யாராலும் மாற்ற முடியாது அம்மா, உங்களால்கூட.

இன்னாசிராஜ்

மரக்காணம்
26-10-1975

அன்பு மகன் இன்னாசிராஜுக்கு, அம்மா ஆசீர்வதித்து எழுதுவது.

தந்தி வந்தது. மித்ரா கொடுத்தது. அடக்கமும் அங்கேயே முடிந்துவிட்டதாம். நான் டிரங்குப் பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன். தண்ணீர் ஏறட்டும் என்றாய், இருந்தேன். வராதே என்று சொல்ல உனக்கு எத்தனையோ காரணம் இருந்திருக்கும். நான் மீற மாட்டேன் என்று தெரிந்த காரணத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாய்.

நீ கேட்ட பத்தியை எழுதி முடித்திருக்கிறேன். கூடவே உன் விவரத்தில் ஒரு பிழை.

வெள்ளிக்கிழமை மழை பிடித்தது. பாத்தி நிறைந்து தண்ணீர் வரப்பைத் தொட்டபோது நான் குடையோடு நின்றிருந்தேன். அகன்ற தலைக்காரன் ஒன்று வரப்பின் உச்சிக்கு ஏறியது. வாலால் முதுகை நெம்பியது. அந்தக் குட்டைச் சட்டைக்குள்ளிருந்து, உடம்பைவிட நீளமாக, மெல்லிய இறக்கை விரிந்தது. பறந்தது. பின்னாலேயே இன்னொன்று, அதன் பின் பல. பறந்தவற்றில் பிடிபட்ட அத்தனையும் அகன்ற தலை. பெண்கள் வரப்பு வெடிப்புக்குள்ளேயே இருந்தன. தண்ணீர் அவற்றின் மேல் ஏறியது. அஞ்சம்மாள் என் கையைப் பிடித்து, "வாங்கம்மா, போதும், அழுவாதீங்க" என்றாள். மழைத்தண்ணீர் என்று சொன்னேன்.

இறக்கை விரிந்த ஒன்றை மித்ராவுக்கு அனுப்புகிறேன், இந்தக் கடிதத்தின் ஆங்கிலப் படியோடு. அவர் அந்த வரியைத் திருத்தும்வரை கட்டுரை அச்சுக்குப் போகக்கூடாது என்று எழுதியிருக்கிறேன். என் பெயர் இருக்கட்டும். ஆனால் உன் பெயருக்குக் கீழே பிழை இருக்கக் கூடாது.

ஆண் பறந்து போகும். பெண் இருந்த இடத்தில் இருக்கும். இந்த இரண்டு வரியும் போட்டால் நீ தொடங்கியது முடிந்தது.

அம்மா