சிவப்பு நூல் பட்டன்

என்னங்க,

சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். கடைச் சாவி என்னிடம் இருக்கிறது.

போர்டு எழுதுகிறவர் வந்தால் வேண்டாம் என்று அனுப்பிவிடுங்கள். "பெரிய போர்டு இல்லாம உன் தையல் கடைக்கு எவன் வருவான்?" என்று ராத்திரி கத்தினீர்களே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். கையில் காசு புழங்காத நேரத்தில் யாரும் புதுச் சட்டை வாங்க மாட்டார்கள், பழசைத்தான் தைத்துப் போடுவார்கள். அவர்களை நானே தேடிப் போகிறேன்.

இன்று காலையிலிருந்தே பஸ் ஸ்டாப்பில் முக்காலி போட்டு உட்காரப் போகிறேன். பட்டன் அறுந்த சட்டைக்கு இலவசமாகத் தைத்துத் தருவேன். பஸ் வருவதற்குள் ஒரு பட்டன் முடிந்துவிடும். எந்தக் கலர் சட்டையானாலும் சிவப்பு நூல்தான். பார்க்கிறவர்கள் "இது என்னங்க சிவப்பு?" என்று கேட்காமல் இருப்பார்களா? அப்போது நம் கடைப் பேர் தானாக வெளியே வரும்.

பால்காரர் வந்தால் பாத்திரம் ஜன்னலோரம் இருக்கிறது.

மறந்துவிட்டேன்: உங்கள் நீலச் சட்டையில் மேல் பட்டன் இல்லாததைச் சண்டையின்போதுதான் பார்த்தேன். தைத்துவிட்டேன், சிவப்பு நூலில். ஆபீசுக்கு அதையே போட்டுக்கொண்டு போங்கள். போர்டு கேட்டீர்களே, இனி நீங்கள்தான் போர்டு.